அக்காவுக்கு கவுண்ட் 40, ஐந்து நாளாகக் காய்ச்சல்: கிருமி எங்கிருந்து வந்திருக்கும்?

கொடிவேரி எழுதியது:

வணக்கம். இத்தனை நாள் இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் முறை. அக்காவுக்கு 36 வயது. ஒரு மாதமாக அசதி, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் என்று இருந்தவளைக் கோபியிலிருந்து சென்னைக்குக் கூட்டி வந்து, எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்ததில் ஏ.எம்.எல். (வேகமாக முற்றுகிற ஒரு ரத்தப் புற்றுநோய்) என்று சொல்லிவிட்டார்கள். 7+3 என்கிற முதல் கீமோ முடிந்தது. ஏழு நாள் ராப்பகலாக சைட்டரபின் என்கிற கீமோ மருந்து, முதல் மூன்று நாள் கூடவே ஒரு சிவப்பு மருந்து. மருந்து ஓடிய நாளெல்லாம் நன்றாகத்தான் இருந்தாள், வீடியோ காலில் மகனுக்குக் கதையெல்லாம் சொன்னாள்.

கீமோ ஆரம்பித்த 10ஆம் நாள் ராத்திரி 2 மணிக்குக் குளிர் ஆரம்பித்தது. மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் சத்தம் போடுகிற அளவுக்கு நடுக்கம். காய்ச்சல் 102.6. உடனே கையிலிருந்தும் பிக் லைனிலிருந்தும் (மருந்து ஏற்றக் கை வழியாகப் போட்டிருக்கிற நீளக் குழாய்) ரத்தம் எடுத்து, கிருமி வளருகிறதா என்று பார்க்கிற கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டு, இறங்கவில்லை என்று மெரோபெனம் என்கிற பலமான ஆன்டிபயாடிக்குக்கு மாற்றினார்கள். இன்று 15ஆம் நாள். ஏ.என்.சி. (நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணுவின் கவுண்ட்) 40, பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கிற அணு) 12 ஆயிரம். காய்ச்சல் 101க்கும் 103க்கும் நடுவில் ஏறி இறங்குகிறது. கல்ச்சரில் எதுவும் வளரவில்லையாம். காலையில் ரவுண்ட்ஸ் வந்தவர் பூஞ்சைக்கும் மருந்து ஆரம்பிக்கிறோம், நெஞ்சு சி.டி. எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் குடும்பத்தில் பெரிய சண்டை. 8ஆம் நாள் அம்மா வீட்டிலிருந்து தயிர் சாதம் கொண்டுவந்து நாலு வாய் ஊட்டியிருக்கிறார், அதனால்தான் என்று மாமா (அக்கா வீட்டுக்காரர்) கத்துகிறார். அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்து அழுகிறார். அத்தை வந்து நெற்றியில் விபூதி வைத்துவிட்டுப் போனதை இன்னொருவர் கிளப்புகிறார். கடைசியில் மாமா, இது எல்லாம் இந்த மருத்துவமனையில் சுத்தம் இல்லாததால் வந்தது, நாளைக்கே வேறு இடத்துக்கு மாற்றலாம் என்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது: இந்தக் கிருமி எங்கிருந்துதான் வந்தது? என்ன கிருமி என்றே தெரியாமல் எப்படி மருந்தை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள்? கவுண்ட் ஏற்றும் ஊசி போட்டால் என்ன? இடம் மாற்றலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தூங்கி நாலு நாள் ஆகிறது.

இரவுப்பணி எழுதியது:

தம்பி, ரத்தப் புற்றுநோய் வார்டில் 11 வருடமாக நர்ஸ் வேலை. உங்கள் அக்காவை நான் பார்க்கவில்லை, அதனால் மருந்து விஷயம் அங்கே இருக்கிற டாக்டர் சொல்வதுதான். ஆனால் கிருமி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும், அதை முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் அது அவருடைய வயிற்றிலேயே இருந்ததுதான். குடலுக்குள் ஈகோலை, க்ளெப்சியெல்லா என்று கோடிக்கணக்கில் நம் எல்லோருக்கும் இருக்கிறது, நமக்கு ஒன்றும் செய்வதில்லை. காரணம், குடலின் உள்தோல் முழுசாக இருக்கிறது, தப்பி உள்ளே நுழைகிற ஒன்றிரண்டைப் பிடித்துத் தின்ன நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணு இருக்கிறது. கீமோ இரண்டையும் ஒரே சமயத்தில் காலி செய்கிறது. வேகமாகப் பெருகுகிற செல்லையெல்லாம் அடிப்பதுதான் சைட்டரபின் வேலை, வாயிலிருந்து ஆசனவாய் வரைக்கும் இருக்கிற உள்தோலும் சில நாளுக்கொரு முறை புதுசாக வளருகிற ரகம்தான். அதனால் வாய் புண்ணாகிற அதே நாட்களில் கண்ணுக்குத் தெரியாமல் குடலும் புண்ணாகிறது. 8, 10ஆம் நாளில் கவுண்ட் தரைக்கு வருகிறது, வேலி பிய்ந்து கிடக்கிறது, காவலும் இல்லை. முந்தா நாள் சாப்பிட்ட தயிர் சாதத்துக்காக இது காத்துக்கொண்டிருக்கவில்லை. 7+3 போட்டவர்களில் அந்த மூன்று வாரத்துக்குள் ஒரு தடவைகூடக் காய்ச்சல் வராமல் வீட்டுக்குப் போனவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

இன்னொரு வழி லைன். தோலில் இருக்கிற ஸ்டஃபைலோகாக்கஸ் பிக் லைன் வழியாக நுழையும். லைனை ஃப்ளஷ் செய்த (மருந்துநீர் விட்டுக் கழுவிய) கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு முறையும் குளிர் வருகிறதா என்று கவனித்து வையுங்கள், வந்தால் நர்ஸிடம் அப்படியே அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். டிரெஸ்ஸிங் ஓரம் பிரிந்து நிற்கிறதா, உள்ளே ஈரமா, சிவந்திருக்கிறதா என்று தினமும் ஒரு தடவை பாருங்கள். கையால் தொட வேண்டாம், பார்த்தால் போதும்.

நியூட்ரோஃபில் இல்லாதவருக்குச் சீழ் பிடிக்காது, ஏனென்றால் சீழ் என்பதே செத்த நியூட்ரோஃபில்தான். நிமோனியா இருந்தாலும் சளி வராமல் போகலாம், எக்ஸ்ரே சுத்தமாகக்கூட இருக்கலாம். தொண்டை சிவக்காது. உடம்பு வாய் திறந்து சொல்லுகிற ஒரே வார்த்தை காய்ச்சல். அதனால்தான் எங்களைக் கேட்காமல் பாரசிட்டமால் கொடுக்காதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறோம். ஒரு தடவை, கூட இருந்தவர் பாவம் நோயாளி முனகுகிறாரே என்று ராத்திரி இரண்டு மாத்திரை கொடுத்துவிட்டார். 4 மணிக்கு நான் பார்க்கும்போது 98.8, சந்தோஷமாக எழுதிவிட்டு நகர்ந்தேன். 6 மணிக்கு பி.பி. 70. பிழைத்துவிட்டார், ஆனால் ஐ.சி.யூ.வில் ஒன்பது நாள்.

உங்கள் அக்கா விஷயத்தில் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார்கள். காய்ச்சல் வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போக வேண்டும், அதற்கு முன்னால் கல்ச்சர் எடுக்க வேண்டும். இரண்டும் நடந்திருக்கிறது. கவுண்ட் 40, பிளேட்லெட் 12 ஆயிரம் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏற்றி இன்னொரு கேஷுவாலிட்டியில் நாலு மணி நேரம் காத்திருக்க வைப்பது சுத்தமான இடத்துக்குப் போவது ஆகாது. மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள். கோபம் நியாயம்தான், ஆனால் அதை எடுத்துப்போய் வைக்கிற இடம் இது இல்லை.

கவுண்ட் ஏற்றும் ஊசி கேட்டீர்கள். அது கவுண்ட் இல்லாத நாட்களைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். ஏ.எம்.எல்.லில் முதல் கீமோவுக்கு அப்புறம் மஜ்ஜையை மறுபடி எடுத்து பிளாஸ்ட் என்கிற புற்று செல்கள் போயிற்றா என்று பார்ப்பார்கள், இந்த ஊசி போட்டிருந்தால் இளம் செல்கள் கூடி அந்தப் படம் குழம்பும். அதனால் பல டாக்டர்கள் அது வரைக்கும் தள்ளிப் போடுவார்கள்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் கேட்க மாட்டார்கள், நோயாளியும் சொல்ல மாட்டார். மலம் கழிக்கும்போது பின்புறம் வலிக்கிறதா என்று அக்காவிடம் நேராகக் கேளுங்கள், நீங்கள் கேட்கக் கூச்சமாக இருந்தால் அம்மா கேட்கட்டும். ஆசனவாய்ப் பக்கம் ஒரு சின்ன வெடிப்பு போதும். வெளியே பார்த்தால் வீக்கமே இருக்காது, வலி மட்டும் உயிர் போகும். வெட்கப்பட்டு மூன்று நாள் மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி வலது அடிவயிற்றில் வலி, வயிறு உப்புசம் என்றாலும் உடனே சொல்ல வேண்டும். மலச்சிக்கலுக்கு எனிமா, ஆசனவாயில் வைக்கிற மாத்திரை, அங்கே வைத்துக் காய்ச்சல் பார்ப்பது எதுவுமே கூடாது.

சித்தன்போக்கு எழுதியது:

பப்பாளி இலைச் சாறு காலையில் வெறும் வயிற்றில் 30 மில்லி, நிலவேம்புக் கஷாயம் இரண்டு வேளை. எங்கள் பக்கத்து வீட்டில் டெங்குவுக்குக் கொடுத்து மூன்றே நாளில் கவுண்ட் ஏறியது. இங்கிலீஷ் மருந்து கவுண்டை இறக்கத்தான் செய்யும்.

இரவுப்பணி எழுதியது:

ஐயா, டெங்குவில் இறங்குவது பிளேட்லெட், அது சில நாளில் தானாகவே ஏறும். இங்கே மஜ்ஜையையே வேண்டுமென்று துடைத்து வைத்திருக்கிறார்கள். பச்சை இலையைக் கழுவிப் பிழிந்த சாற்றை, குடல் புண்ணாகி நியூட்ரோஃபில் 40 இருக்கிறவருக்குக் கொடுப்பது மண்ணில் இருக்கிற கிருமியை டம்ளரில் ஊற்றிக் கொடுப்பது மாதிரி. தம்பி, தயவுசெய்து வேண்டாம்.

நுண்ணோக்கி எழுதியது:

மைக்ரோபயாலஜி லேபில் இருக்கிறேன், அந்த கல்ச்சர் பாட்டில்கள் வந்து சேருகிற இடம். 'ஒன்றுமே வளரவில்லை' என்றால் சரியாகப் பார்க்கவில்லை என்று வீட்டுக்காரர்கள் நினைப்பது சகஜம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாட்டிலை ஒரு மெஷினுக்குள் வைப்போம், அது ஆட்டிக்கொண்டே இருக்கும், ஐந்து நாள். உள்ளே கிருமி பெருகினால் கரியமில வாயு கூடும், மெஷின் சத்தம் போடும். நிஜமான பாக்டீரியா என்றால் பெரும்பாலும் முதல் 24, 48 மணி நேரத்தில் தெரிந்துவிடும். கையில் எடுத்த பாட்டிலை விட லைனில் எடுத்தது இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக்கொண்டு சத்தம் போட்டால் லைன்தான் குற்றவாளி என்று சந்தேகப்படுவோம். அதற்குத்தான் இரண்டு இடத்தில் குத்தி எடுப்பது, ரத்தத்தை வீணாக்க இல்லை. ஆனால் கவுண்ட் இல்லாமல் காய்ச்சல் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு பாட்டிலில் எதுவும் சிக்குவதில்லை, உலகம் முழுக்க இதுதான் நிலைமை.

சிக்கும் வரை காத்திருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த கதைதான். 1966இல் அமெரிக்காவில் ஜெரால்டு போடியும் அவரோடு இருந்தவர்களும் லுகேமியா நோயாளிகளின் வெள்ளணு எண்ணிக்கையையும் தொற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். நியூட்ரோஃபில் 1000க்குக் கீழே போனதும் தொற்று ஏறத் தொடங்குகிறது, 100க்குக் கீழே உச்சம், அந்த நிலையில் எத்தனை நாள் கிடக்கிறார் என்பதும் முக்கியம். இன்றைக்கு வார்டில் '500க்கு மேலே வந்துவிட்டதா' என்று தினமும் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியா ரத்தத்தில் இருந்தால் கல்ச்சர் ரிசல்ட் வருவதற்குள் ஆளே போய்விடுவார். 1971இல் ஷிம்ஃப் என்பவரும் குழுவினரும் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் காய்ச்சல் வந்த உடனே கார்பெனிசிலினும் ஜென்டாமைசினும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்துப் பெயர் மாறிவிட்டது, முறை அதேதான். உங்கள் அக்காவுக்கு ராத்திரி 2 மணிக்கு நடந்தது அது.

நம் ஊரில் கூடுதலாக ஒரு தலைவலி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். என்.டி.எம். என்று ஒரு நொதி, மெரோபெனத்தையே வெட்டிப் போட்டுவிடும். 'நியூ டெல்லி' என்று பெயர் வைத்ததற்கு நம் அரசாங்கம் கோபப்பட்டது நினைவிருக்கலாம். அதைப் பற்றி 2010இல் வந்த பெரிய ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன. இந்த நொதி உள்ள க்ளெப்சியெல்லா சில பேர் குடலில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும், கவுண்ட் இறங்கும்போது ரத்தத்துக்கு வரும். அதனால் சில இடங்களில் கீமோவுக்கு முன்பே ஆசனவாயில் லேசாகப் பஞ்சைத் தொட்டெடுத்து என்ன குடியிருக்கிறது என்று பார்த்து வைக்கிறார்கள். உங்களுக்குச் செய்தார்களா, செய்திருந்தால் என்ன வந்தது என்று கேளுங்கள், சண்டை போடாமல் கேட்கிற கேள்வியாக இது இருக்கும். மெரோபெனம் வேலை செய்யாவிட்டால் கொலிஸ்டின், அல்லது செஃப்டாசிடிம்-அவிபாக்டமோடு அஸ்ட்ரியோனம் சேர்த்துக் கொடுப்பது என்று வழி உண்டு. அஸ்ட்ரியோனத்தை என்.டி.எம்.மால் வெட்ட முடியாது, வெட்டக்கூடிய மற்ற நொதிகளின் வாயை அவிபாக்டம் கட்டிவிடும், அதற்குத்தான் அந்த ஜோடி. விலை மட்டும் கேட்காதீர்கள்.

இப்போது பூஞ்சை. நல்ல ஆன்டிபயாடிக் கொடுத்தும் நாலைந்து நாள் காய்ச்சல் நிற்கவில்லை, கவுண்டும் ஏறவில்லை என்றால் பூஞ்சையைத் தேடியாக வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸ் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, வைக்கோலில், மட்கிய இலையில், இடிக்கிற கட்டடத்தூசியில். நானும் நீங்களும் தினமும் மூச்சில் இழுக்கிறோம். அக்கா எப்போது இழுத்தார், கோபியிலா சென்னையிலா என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்தத்தில் கேலக்டோமேனன் என்று ஒரு சோதனை உண்டு, சி.டி.யில் நுரையீரலில் ஒரு உருண்டை, அதைச் சுற்றி மங்கலாகப் புகை வட்டம் போல் தெரிந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் சந்தேகம் பலமாகும். 2021இல் எல்லோரும் பேசிய கருப்புப் பூஞ்சை, மியூக்கர், அதுவும் இவர்களுக்கு வரும். ஆஸ்பர்ஜில்லஸுக்குக் கொடுக்கிற வோரிகோனசோல் மியூக்கரைத் தொடாது, அதனால் எது என்று தெரியும் வரை இரண்டையும் அடிக்கிற ஆம்ஃபோடெரிசினில் ஆரம்பிப்பார்கள். மூக்கடைப்பு, ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவது, மேல் அண்ணத்தில் கருப்பாக ஏதாவது என்றால் அந்த நிமிடமே சொல்லுங்கள். தினமும் காலையில் மொபைல் டார்ச் அடித்து வாயைப் பார்க்கலாம்.

அத்திமரத்து வீடு எழுதியது:

உங்கள் பதிவைப் படித்ததும் 2019 ஞாபகம் வந்துவிட்டது தம்பி. என் வீட்டுக்காரருக்கு இதே நோய், முதல் கீமோவும் அப்புறம் நோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கிற மூன்று கன்சாலிடேஷன் கீமோவும். இப்போது நன்றாக இருக்கிறார், மொட்டை மாடியில் தக்காளிச் செடி வைத்துக்கொண்டிருக்கிறார் (மண்ணைத் தொடலாமா என்று டாக்டரைக் கேட்டுத்தான்).

எங்கள் வீட்டில் குற்றவாளி நான். இளநீர் வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன், மறுநாள் காய்ச்சல். மாமியார் ஆறு மாதம் அதையே சொல்லிக்காட்டினார். கடைசியில் ரத்தத்தில் வந்தது ஈகோலை, டாக்டர் சிரித்துக்கொண்டே 'இது இவருடைய சொந்தச் சரக்கு அம்மா' என்றார். அந்த வாக்கியத்தை எழுதி வாங்கி ஃபிரேம் போட்டிருக்க வேண்டும்.

சாப்பாட்டில் பச்சைக் காய் பழமே தொடாத கடும் பத்தியத்தால் தொற்று குறைகிறது என்று ஆராய்ச்சிகளில் தெரியவில்லை என்கிறார்கள், ஆனால் வார்டுக்கு வார்டு விதி மாறும், உங்கள் வார்டு சொல்வதைப் பின்பற்றுங்கள். எங்களுக்குச் சொன்னது: அப்போதே சமைத்து ஆவி பறக்கக் கொடுப்பது, கேன் தண்ணீரையும் கொதிக்க வைப்பது, காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியை மதியத்துக்கு வைக்காமல் இருப்பது, பழைய சோறு, வெளி ஜூஸ், வெளியே வாங்கும் தயிர் இதெல்லாம் வேண்டாம். வாழைப்பழம், ஆரஞ்சு மாதிரி நாமே தோல் உரிக்கிற பழம் கழுவிவிட்டு. மல்லிகைப்பூ வேண்டும் என்று உங்கள் அக்கா கேட்டால் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கள், ஈரப் பூவும் பூ வைத்த தண்ணீரும் வார்டுக்குள் கூடாது.

வாய் கொப்பளிக்க ஒரு டம்ளர் ஆறிய வெந்நீரில் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சமையல் சோடா, சாப்பிட்டதும் ஒரு தடவை, நடுவில் இரண்டு தடவை, தூங்கும் முன் ஒரு தடவை. வலிக்கிறது என்று விட்டுவிட்டால் இன்னும் வலிக்கும். குழந்தைகளுக்கான மெத்துப் பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிஜமான பயம் டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான். வார்டில் மணி அடித்தால் யாராவது வருவார்கள். கன்சாலிடேஷன் முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கவுண்ட் இறங்குவது வீட்டில் இருக்கும்போது. எங்களுக்கு இரண்டாவது கன்சாலிடேஷனுக்கு அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 100.8. ஊரில் பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே இருந்தவர் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார், 'வைரல் ஃபீவர், ஒன்றுமில்லை, பாரசிட்டமால் போட்டுப் படுங்கள்' என்றார். நான் கவுண்ட் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்து, 'சார், இவருக்கு நியூட்ரோஃபில் 60' என்று சொன்ன பிறகுதான் எழுந்தார். அதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. அன்றைக்கு ராத்திரி என் கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கோபியிலிருந்து சென்னை 400 கிலோமீட்டர் இருக்குமே. டிஸ்சார்ஜ் அன்றைக்கே டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: என்ன நோய், என்ன கீமோ, எந்த நாளில் கவுண்ட் இறங்கும், காய்ச்சல் வந்தால் கல்ச்சர் எடுத்துவிட்டு இந்த மருந்தை இந்த அளவில் உடனே ஏற்றுங்கள் என்று. அதை லேமினேட் செய்யுங்கள். ஈரோட்டிலோ கோவையிலோ ராத்திரியிலும் இதைச் செய்யக்கூடிய இடம் எது என்று நன்றாக இருக்கிற நாளிலேயே நேரில் போய்ப் பேசி வையுங்கள். வண்டி ஓட்டுகிற ஆள் யார் என்பது உட்பட. டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு, ஒன்று பேட்டரி தீர்ந்தால் இன்னொன்று. 100.4 ஒரு மணி நேரம் நின்றாலோ ஒரே ஒரு தடவை 101 காட்டினாலோ கிளம்ப வேண்டியதுதான். காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும் கிளம்ப வேண்டியதுதான்.

கொடிவேரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி சிஸ்டர் எழுதியதை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். 'வயித்துல இருந்ததுதானா' என்று கேட்டுவிட்டு ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட்டார். மாமாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, போனில் பதிவைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

இன்று 24ஆம் நாள், நடந்ததைச் சொல்கிறேன். சி.டி.யில் வலது நுரையீரலில் இரண்டு உருண்டை, பெரியதைச் சுற்றி நுண்ணோக்கி சார் சொன்ன அதே புகை வட்டம். கேலக்டோமேனனும் பாசிட்டிவ். முதலில் ஆம்ஃபோடெரிசின் ஏற்றினார்கள், பொட்டாசியம் சரசரவென்று இறங்கி அதற்கு வேறு ஒரு டிரிப் ஓடியது. ரிப்போர்ட் வந்ததும் வோரிகோனசோலுக்கு மாற்றினார்கள். முதல் நாள் மருந்து ஏறின அரை மணி நேரத்தில் சுவரெல்லாம் பளிச் பளிச்சென்று வெளிச்சம் ஓடுகிறது, சீலிங் ஃபேன் நீலமாகத் தெரிகிறது என்றாள், நாங்கள் பயந்துபோனோம். அந்த மருந்துக்கு அப்படி வரும், போய்விடும் என்றார்கள், அதே மாதிரி கொஞ்ச நேரத்தில் போனது. 19ஆம் நாள் காய்ச்சல் 99க்கு வந்தது, அப்புறம் ஏறவில்லை. கல்ச்சரில் கடைசி வரைக்கும் எதுவுமே வளரவில்லை. இன்று காலை ஏ.என்.சி. 380. நேற்று 210. மாமா அந்தச் சீட்டை போட்டோ எடுத்து குரூப்பில் போட்டிருக்கிறார்.

இரண்டு கேள்வி. கவுண்ட் ஏறுகிறது, காய்ச்சல் இல்லை, ஆனால் நேற்று எடுத்த சி.டி.யில் உருண்டை கொஞ்சம் பெரிதாகி நடுவில் பிறை மாதிரி ஓட்டை தெரிகிறதாம். டாக்டர் கவலைப்படவில்லை, எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. இன்னொன்று, அக்கா மகனுக்கு 4 வயது, ஊரில் போலியோ சொட்டு மருந்து முகாம் வருகிறது. போடலாமா?

நுண்ணோக்கி எழுதியது:

அந்தப் பிறை பெரும்பாலும் நல்ல செய்தி. நியூட்ரோஃபில் திரும்பி வந்து செத்த திசுவைப் பிரித்தெடுக்கும்போது நடுவில் காற்று புகும், அதுதான் பிறை. கவுண்ட் ஏறுகிற வாரத்தில் உருண்டை பெரிதாகத் தெரிவதும் வழக்கம். ஆனால் இந்தச் சமயத்தில் இருமலில் ரத்தம் வந்தால், ஒரு கோடு போல் வந்தாலும், உடனே காட்டுங்கள். வோரிகோனசோல் மாத்திரையாக மாற்றி வீட்டுக்கு அனுப்பினால் வெறும் வயிற்றில் போட வேண்டும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ. ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்ப்பார்கள், ஆளுக்கு ஆள் மாறும். அடுத்த கீமோவின்போதும் இதை நிறுத்த மாட்டார்கள்.

இரவுப்பணி எழுதியது:

சந்தோஷம் தம்பி. பையனுக்குச் சொட்டு மருந்து வேண்டாம், அதில் இருப்பது உயிருள்ள வைரஸ், மலத்தில் வெளியே வரும், ஒரே வீட்டில் அக்கா இருக்கிறார். ஊசியாகப் போடுகிற போலியோ மருந்து இருக்கிறது, குழந்தை டாக்டரிடம் வீட்டில் கீமோ நோயாளி இருக்கிறார் என்று சொல்லி அதைக் கேளுங்கள். முகாம் ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள், அன்றைக்கு வீட்டில் இருக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், பாட்டி யாராவது வாயைத் திறக்கச் சொல்லிவிடப் போகிறார். வீட்டில் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பையன் பள்ளியில் யாருக்காவது அம்மை என்று காதில் விழுந்தால், கொப்புளம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே சென்னைக்குப் போன் செய்யுங்கள், அதற்குத் தடுப்பு மருந்து கொடுக்க நாள் கணக்கு உண்டு.

பையன் அம்மாவைக் கட்டிப்பிடிக்கலாம், சளி காய்ச்சல் இல்லாவிட்டால். பள்ளி உடுப்பை மாற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு.